நோட்டில் எழுதாமல் விட்ட காலை

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ காலராவில் போய் ஐந்து மாதமாகிறது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது. ஆனாலும் உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கக்கூட மனம் வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே புரியாமல், சின்னக் கடைவீதியில் ஒரு நோட்டு வாங்கி, தினமும் காலையில் எழுத உட்கார்ந்தேன். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் தெளியும் என்று நினைத்தேன்.

தெளியவில்லை. உன் கடைசி நாளைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் ஒரே வாக்கியம்தான் வந்தது: ‘ஆபீஸில் லீவு தரவில்லை, சாயங்காலம்தான் ஸ்ரீரங்கம் போக முடிந்தது.’ ஊராரிடமெல்லாம் நான் சொன்ன பொய் அது. யாரும் படிக்காத நோட்டிலும் அதையே ஏன் எழுதினேன், அண்ணே?

போன செவ்வாய்க்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு நிஜத்தை எழுதினேன். நீ படுத்துவிட்டாய் என்று சொல்ல அண்ணி அனுப்பிய ஆள் அன்று காலையிலேயே வந்துவிட்டார். நான் லீவே கேட்கவில்லை. சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலத்தில் பாதி தூரம் நடந்தேன். உன்னைத் தொட்டால் நோய் என் குழந்தைக்கு வந்துவிடுமோ என்று அதற்குமேல் கால் நகரவில்லை. மத்தியானம் வரை அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். நீ போய்விட்ட செய்தி வந்த பிறகுதான் ஸ்ரீரங்கம் வந்தேன்.

அந்தப் பக்கத்தை அண்ணியிடம் கொண்டுபோய் வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவர்கள் கை நின்றது.

“தெரியும் தம்பி. உங்களப் பாலத்துல பாத்தேன்னு பால்காரர் அன்னிக்கே சொன்னாரு.”

“அப்புறம் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?”

“உங்கண்ணன் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தாரு. தம்பி பாதி வழி வந்துட்டாருங்கன்னு சொன்னேன். சிரிச்சாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. இத உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?”

அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வேன், அண்ணே? வந்துவிடுவேன் என்று நம்பியா சிரித்தாய்? என் பயம் தெரிந்தா?

புறப்படும்போது உன் மகள் வந்து கையைப் பிடித்தாள். “சித்தப்பா, அப்பாவுக்கு முடியாதப்ப நீங்க ஏன் வரல?”

“லீவு கிடைக்கலம்மா” என்றேன். உண்மையை வாசித்து முடித்த அதே வாய்! அண்ணி என்னையே பார்த்தார்கள். தெருவுக்கு வந்து கதறி அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடாமலே போனாலும் சரி, சொல்லிவிடுகிறேன். இது உன்மேல் ஆணை.

உன் கூடப்பிறந்த தம்பி