உறுப்பினரைக் கேளாமல் மூடிய பொறிச் சங்கம்

அனுப்புநர்:
மொக்கைச்சாமி, த/பெ ஒச்சப்பன்,
வயது எழுபதுக்கு மேல், பூ விவசாயம்,
கல்லோடைப்பட்டி, கொடைரோடு வழி,
மதுரை ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: எங்கள் ஊர் ஓடையில் பாலம் கட்டிக் கொடுத்த பொறியியல் மாணவர் சங்கத்தைப் பற்றி எழுதப்பட்ட தவறான போலீஸ் ரிப்போர்ட்டைத் திருத்தி, மூடிய சங்கத்தைத் திறக்கச் செய்ய வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அப்துல் சுக்கூர் அவர்கள். எழுத்து அவருடையது, பேச்சு முழுவதும் என்னுடையது. யாரோ ஒரு கிழவன் இரக்கம் கேட்டு எழுதுகிறான் என்று தாங்கள் எண்ண வேண்டாம். மூடப்பட்ட அந்தச் சங்கத்தில் நான் ஓர் உறுப்பினன். அந்த முறையில்தான் எழுதுகிறேன். அது எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

2. எங்கள் ஊருக்கும் கொடைரோடு போகும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. விடியுமுன் பறித்த கனகாம்பரமும் பிச்சியும் திண்டுக்கல் பஸ் ஏறாமல் இக்கரையிலேயே வதங்கிப் போகும். சில வருஷங்களுக்கு முன் என் மருமகள் முத்துப்பேச்சி தலைக் கூடையோடு இறங்கி, வெள்ளம் இழுத்து, புங்க மரத்து வேரைப் பிடித்துப் பிழைத்தாள். கரையில் தூக்கிப் போட்டதும் அவள் கேட்டது, "மாமா, பூவு போச்சா?" என்பதுதான். பாலம் வேண்டும் என்று ஊரார் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதை இங்கே குறையாகச் சொல்ல வரவில்லை.

3. திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் வியாபாரியின் மகன் ஜமால் முகமது, இஞ்சினீரிங் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவர். அங்கே மாணவர்கள் தாங்களே நடத்தும் சங்கத்துக்குக் காரியதரிசி. போன வருஷம் கார்த்திகையில் அவர் வந்த பஸ் எங்கள் ஓடைக்கரையில் பழுதாகி நின்றது. பெண்கள் சேலையை வரிந்து கட்டித் தண்ணீரில் இறங்குவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தக் கோடை விடுமுறையில் தம் சங்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிராம முன்சீபிடமும் பஞ்சாயத்திலும் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பிறகே கடப்பாரையைத் தொட்டார்கள்.

ஊரில் முதலில் கேட்பதை நானும் கேட்டேன். "நீங்கள்ளாம் எந்த ஆளுகப்பா?" என்றேன். "சங்கத்து ஆளுக, தாத்தா" என்றார் ஜமால். பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். கடைசிப் பிள்ளை வரைக்கும் அதே பதில். ஒரே பானையில் பொங்கி, ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கவில்லை.

4. இனிச் சொல்வதைத் தாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். வழக்கே இதில்தான் இருக்கிறது. பொறியியல் என்ற சொல் எங்களுக்குப் புதிது. எங்களுக்குத் தெரிந்தது எலிப்பொறி. "எலி பிடிக்கவா தம்பி இம்புட்டுப் பேரு வந்திருக்கீக?" என்று முத்துப்பேச்சி கேட்க, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொறி என்றால் இயந்திரம், அதைப் பற்றிய படிப்புதான் பொறியியல் என்று ஜமால் விளக்கினார். அன்று முதல் அவர்கள் எங்களுக்குப் பொறிச் சங்கத்துப் பிள்ளைகள்.

5. அவர்கள் முதலில் எழுப்பிய கல்தூண் மறுநாளே சாய்ந்துவிட்டது. மறைக்க வேண்டியதில்லை. "ஏலே அப்பு, இஞ்சினீரு தூணு உக்காந்து தூங்குதுலே!" என்று எங்கள் ஆட்கள் கேலி பேசினார்கள். பிள்ளைகள் கோபிக்கவில்லை. மணலில் கோடு கிழித்து உட்கார்ந்து வாதாடினார்கள். இருப்பதிலேயே சின்னப் பிள்ளை ஒருவர், காரியதரிசி போட்ட கணக்கு தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஜமால் மறுபடி பார்த்துவிட்டு, "நீ சொல்றதுதான்டா சரி" என்றார். தூணைப் பிரித்தார்கள், பாறை தட்டும் வரை தோண்டினார்கள், மறுபடி கட்டினார்கள். நான் ஜமீன் கூட்டம் பார்த்திருக்கிறேன், கட்சிக் கூட்டம் பார்த்திருக்கிறேன், கோயில் கூட்டமும் பார்த்திருக்கிறேன். தலைவர் தன் தப்பைச் சபையில் ஒத்துக்கொண்ட கூட்டத்தை அந்த ஓடை மணலில்தான் பார்த்தேன்.

மேலே போட்ட இரும்பு உத்தரங்கள் ஜமாலின் தகப்பனார் தம் பழைய தோல் கிடங்கை இடித்தபோது கொடுத்தவை. வெயில் ஏறினால் பாலத்தில் தோல் வாடை வருகிறது என்று எங்கள் பெண்கள் கொஞ்ச நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பூக்கூடை போகப் போக அதுவும் போய்விட்டது.

6. வேலை முடிந்ததும், ஆட்கள் ஏறி நின்று பாரம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சாய்ந்த தூணைப் பார்த்த ஊர் அல்லவா, ஒருவரும் அசையவில்லை. நான் ஏறினேன். நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். பிறகு முத்துப்பேச்சி வந்தாள், அவள் பின்னால் ஊரே வந்தது. பாலம் அசையவில்லை.

அன்று சங்கக் கூட்டம் போட்டு என்னைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்தார்கள். கௌரவம் என்றால் என்ன என்று கேட்டேன். "நீங்க சந்தா கட்ட வேணாம், தாத்தா" என்றார்கள். அது எனக்குச் சரிப்படவில்லை. சும்மா இருக்கிறவன் எப்படி உறுப்பினன் ஆவான்? அவர்கள் விடுதி வெஞ்சனத்துக்கு ஒரு மூடைக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினேன். ஆகையால் நான் சந்தா செலுத்திய உறுப்பினன்.

7. புரட்டாசியில், பாகிஸ்தான் யுத்த நேரமாதலால், பாலங்களைப் பார்வையிட ஒரு கான்ஸ்டபிள் வந்தார். எங்கள் பக்கத்துக்குப் புதியவர். கணக்கில் இல்லாத பாலம் ஒன்று நிற்பதைக் கண்டு, யார் கட்டியது என்று முத்துப்பேச்சியைக் கேட்டார். "பொறிச் சங்கத்துப் பிள்ளைக கட்டுனாக" என்றாள். "என்ன பொறி?" என்றார். "நீங்க பாக்கலையே சாமி! பாறையில கடப்பாரை பட்டு அம்புட்டுப் பொறி பறந்துச்சு. அதப் பாத்து நாங்களும் அவுகளோட சேந்துக்கிட்டோம்" என்றாள்.

அவள் பெருமையாகச் சொன்னாள், உள்ளதைச் சொன்னாள். ஆனால் ரிப்போர்ட்டில், "தீப்பொறிச் சங்கம் என்ற பெயரில் மாணவர்கள் கூடி, கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டுள்ளனர்" என்று எழுதப்பட்டுவிட்டது. தை மாதம் இந்தியை எதிர்த்து மாணவர் கிளர்ச்சி நடந்த வருஷத்தில் இப்படி ஒரு வரி போதாதா? கான்ஸ்டபிள் மீது எனக்குப் பகை இல்லை. அந்தத் 'தீ' எங்கள் ஊரில் யாரும் கொடுத்ததல்ல, அவராகச் சேர்த்தது என்பதே என் புகார்.

8. ரிப்போர்ட் கல்லூரிக்குப் போயிற்று. சங்கத்தைக் கலைத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். சர்க்கார் தரப்பிலிருந்து திருத்தம் வந்தால் ஒழிய, காரியதரிசி ஜமால் பங்குனியில் கடைசிப் பரீட்சை எழுத முடியாதாம். இதைச் சொல்ல அவர் எங்களைத் தேடி வரவில்லை. ஐப்பசி வெள்ளத்தில் பாலம் நிற்கிறதா என்று பார்க்க வந்தார். தண்ணீர் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. முத்துப்பேச்சி கூடையோடு கால் நனையாமல் நடந்து போனாள். அதைப் பார்த்தும் பிள்ளை முகம் தெளியவில்லை. அவள்தான் திரும்பி வந்து, "என்ன தம்பி, நிக்கிற பாலத்தப் பாத்து அழுகிறீக?" என்று உட்கார வைத்துக் கேட்டாள். "பாலம் நிக்கிதுக்கா, சங்கந்தான் விழுந்துருச்சு" என்றார்.

9. சங்கத்தை மூடுவதென்றால் உறுப்பினர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. எனவே அந்த உத்தரவுக்கு என் சம்மதம் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் அப்துல் சுக்கூர் அவர்கள் பேனாவை வைத்துவிட்டு, "மொக்கச்சாமிண்ணே, அதிகாரிக்குக் கொஞ்சம் பணிஞ்சு எழுதணும்ணே" என்றார். தங்களிடம் எனக்குப் பணிவு உண்டு. ஆனாலும் மேலே சொன்னதை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

10. ஆகவே தாங்கள் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். பாலத்தில் ஜீப் ஏறாது. தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். நான் நடுப் பாலத்தில் நிற்பேன். பொறி என்றால் என்னவென்று முத்துப்பேச்சி மறுபடி சொல்லுவாள், தாங்களே கேட்டு எழுதிக்கொள்ளலாம். பிறகு பங்குனிக்கு முன்னால் கல்லூரிக்கு ஒரு வரி எழுதி, சங்கத்தைத் திறக்கவும் பிள்ளை பரீட்சை எழுதவும் வழி செய்ய வேண்டும். அப்படியும் சங்கத்தின் மேல் நடவடிக்கை உண்டு என்றால், உறுப்பினர் வரிசையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பாலத்தில் முதலில் ஏறியவன் நான். விசாரணைக்கும் முதலில் வருவேன்.

இடம்: திண்டுக்கல்
தேதி: 6-12-1965

எழுதியவர்: அப்துல் சுக்கூர்

சொன்னவர்:
(இடது கைப் பெருவிரல் ரேகை)
மொக்கைச்சாமி,
உறுப்பினர், பொறியியல் மாணவர் சங்கம்.