பின்பக்கத்து இடம்

இஞ்சாருங்கோ,

வாய்விட்டுச் சண்டை பிடித்தால் பிள்ளைக்குக் கேட்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் ஆய்வுரையைக் கேட்க என்னையும் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கண்டி பஸ்களில் பின்பக்கம் இடமிருந்தும் பெண்கள் முன்கதவடியிலேயே நெருக்கி நிற்கிறார்களாம். அதனால்தான் பஸ் சுணங்குகிறதாம். "அவையளைப் பின்னுக்குப் போகப் பழக்கவேணும்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வருடக்கணக்காக பஸ்களைப் படம் பிடித்தீர்கள். இறங்கி வந்த ஒருத்தியிடமாவது ஏன் என்று கேட்டீர்களா? கலியாணமான புதிதில் பிலிமத்தலாவை பஸ்ஸில் ஒருத்தனும் உரசாமல் எனக்குப் பின்னால் கையால் மறித்துக்கொண்டு நின்றவர் நீங்கள்தானே. கார் வந்ததும் அதெல்லாம் மறந்துபோய்விட்டதா?

பிள்ளை இந்தத் தவணையிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். இன்று காலை, "அம்மா, ஒரு சேப்டி பின் தாங்கோ" என்றாள். அவளுடைய சீருடையில் பின் குத்த ஓரிடமும் இல்லை. எதற்கென்று நான் கேட்கவில்லை. நீங்கள் கூட வராத நாட்களில் நானும் அதைத்தான் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். பெரிதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

இனி அவளையும் பழக்குங்கள்.

இப்படிக்கு,
பின்னுக்குப் போகாதவள்