ஏழாம் அத்தியாயம் யாருடையது?

அண்ணா,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வல்லம் வடகால் வந்திருந்தேன். தெருமுனைச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை அப்போதுதான் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காவலாளி உடுப்பும் தொப்பியுமாகக் கம்பெனி வாசலில் எடுத்த படம். கிட்டே போனேன். ஈரம் காயாத மைதாப் பசையின் புளித்த வாசனை. பந்தலுக்குள் போகத் தோன்றாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

உங்களுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்படக் காரணமாக இருந்த அந்தத் தடித்த நோட்டிலும் இதே வாசனைதான் அடித்தது. 1991ஆம் வருடம், நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் கஸ்தூரி அந்த வகுப்பில் முதல் மாணவி. அவளும் இன்னும் சில பிள்ளைகளும் இரண்டு நோட்டுகளைச் சேர்த்துப் பசைபோட்டு ஒட்டி, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே ‘வரலாறு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது ஒரு நாவல். ஆளுக்கு ஒரு அத்தியாயம்.

அந்த நாவலுக்கு ஒரு சட்டம் உண்டு. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவரைத் தனியாக உட்காரவைத்து, அவர் மனசை அரிக்கிற விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தன் கதை போல ‘நான், நான்’ என்று எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது. யாருடைய கதை என்று உயிர் போனாலும் சொல்லக்கூடாது. கையெழுத்து ஒருவருடையது, துயரம் இன்னொருவருடையது. எந்த வாத்தியார் பிடித்தாலும் யாரும் மாட்டமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதுப் புத்திசாலித்தனம்!

இப்போது நினைத்தால் எவ்வளவு நல்ல நாவல் அது. தங்கையோடு ஒரே ஜோடிச் செருப்பை முறை வைத்துப் போட்டுக்கொண்டு வருகிற ஒருத்தி. அப்பா மாதா கோவிலுக்கும் அம்மா முருகன் கோவிலுக்கும் போக, இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக நடித்து அலுத்துப்போன ஒருவன். இரண்டாம் அத்தியாயத்தில் காணாமல் போன சைக்கிள் மணி ஐந்தாம் அத்தியாயத்தில் வேறொருவர் பைக்குள் இருக்கும். ஒருவர் செய்த தப்பு இன்னொருவர் வீட்டில் அடியாக விழும். எந்த அத்தியாயத்தையும் தனியாகப் பிய்த்தெடுக்க முடியாது.

நான் பிய்த்தெடுத்தேன்.

மார்கழி மாதம், செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது நோட்டு கைமாறுவதைப் பார்த்துப் பிடுங்கினேன். ஆசிரியர் அறையில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தை மட்டும் புரட்டினேன். ஏழாம் அத்தியாயம், கஸ்தூரியின் குண்டு குண்டான கையெழுத்து. “பரீட்சைக்கு முன்னால் நான் ஊரைவிட்டுப் போய்விடுவேன். மாற்றுத்துணி எடுத்து வைத்துவிட்டேன். காலையில் முதல் பஸ். பூந்தமல்லியில் ஒருவர் எனக்காகக் காத்திருப்பார்.”

‘கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுது’ என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தை அன்றைக்கு நான் திறக்கவில்லை. நேரே ஏரி மதகுக்கு வந்தேன். நீங்கள் வயலுக்குத் தண்ணீர் மடை மாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

“இன்னா டீச்சரம்மா, இம்மாந்தூரம்?”

நோட்டை நீட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டீர்கள். வாங்கவில்லை. “கண்ணாடிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன். நீங்களே படிச்சிச் சொல்லிடுங்க” என்றீர்கள். படித்துச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் உங்கள் முகம் எப்படி மாறியது என்பதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு. நோட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, மடையை மூடாமலே வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாளிலிருந்து கஸ்தூரி பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் ஊர் முழுக்கச் செய்தி தெரிந்திருந்தது. படித்தது போதும், வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், பரீட்சையெல்லாம் கிடையாது. அவள் அடி வாங்கியதாகவும் சொன்னார்கள். எவ்வளவு கேட்டும் ஒரே பதிலாம்: “எழுதினது நான்தான். கத என்னுது இல்ல. யாருதுன்னு சொல்ல மாட்டேன்.”

வியாழக்கிழமை மாலை கடைசி மணி அடித்த பிறகு அதே வகுப்புப் பையன் ஏழுமலை, ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பான். ஆனால் வாசிக்கும் நேரம் வந்தால் காக்கை போலக் கத்துவான். முன்னால் இருப்பவன் சட்டையைப் பெஞ்சில் கட்டிவைப்பான். நானும் “வெளியே போடா” என்பேன். இரண்டு வருடம் இப்படி நடந்தது. வாசிக்கும் நேரத்தில் மட்டும் ஏன் இவனுக்குக் காக்கை வருகிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

“கஸ்தூரி வூட்டுக்குப் போலாம் டீச்சர். நீங்க கூட வந்தா போதும். நான் பேசிக்கிறேன்” என்றான்.

உங்கள் வீட்டு வாசலில் அண்ணியார் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தும் ‘வாங்க’ சொல்லவில்லை. பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், அந்த ஒன்று சொல்லாததே போதுமாக இருந்தது.

ஏழுமலை நேரே விஷயத்துக்கு வந்தான். “அந்த ஓடிப்போறது நாந்தான்.”

“இன்னாது?”

“கஸ்தூரி இல்ல. நான். அவ எங்கதயத்தான் எழுதினா.”

வைக்கோலைக் கீழே போட்டீர்கள். “ஓகோ. அப்ப பூந்தமல்லில காத்துக்கினு இருக்கறவன் நீதானா?”

“ஐயோ இல்லபா! அது எங்க மாமாவோட சிநேகிதரு. ஓட்டல்ல கிளாஸ் கழுவற வேல வாங்கித் தரேன்னாரு.”

“எதுக்குடா ஓடணும்?”

தலையைக் குனிந்துகொண்டான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான். “எனக்குப் படிக்க வராது. எழுத்து ஒண்ணொண்ணா தெரியும். சேத்து வராது. பரீட்சைல தெரிஞ்சிடும். எல்லாரும் சிரிப்பாங்க.”

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். “பத்தாவது படிக்கறவன் படிக்க வராதுன்றான்! யாருக்குடா காது குத்தற? டீச்சரம்மா, ஒங்க பசங்க கூடிப் பேசிக்கினு வந்துக்கிறானுங்க, பொண்ணக் காப்பாத்த.” உள்ளே போய்க் கூரை எரவாணத்தில் செருகியிருந்த நோட்டை எடுத்து வந்து அவன் நெஞ்சில் தள்ளினீர்கள். “படி. இத்தப் படி பாக்கலாம்.”

எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவன் கையில் நோட்டு. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. முதல் முறையாக அவன் வாசிப்பதைக் கேட்கக் காத்திருந்தேன்.

“ப... ரி... பரி...” நிறுத்தினான். விரலை எழுத்தின் அடியில் வைத்தான். நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கிட்டே கொண்டுவந்தான். “வெளிச்சம் பத்தல” என்றான். பொழுது இன்னும் நன்றாக இருந்தது. வாசலில் யாரோ சிரித்தார்கள். அவன் காது மடல் சிவந்துபோயிற்று. மறுபடி, “பரீ... ட்... சை...” நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டியது. ஒரு வார்த்தை முடிய அவ்வளவு நேரம்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நெடுநாள் காணாத ஆளைச் சந்தையில் பார்த்துவிட்டவரைப் போல. பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, “இன்னா வேடிக்க இங்க? போய் வேலையப் பாருங்க” என்று ஒரு சத்தம் போட்டீர்கள். அவன் தோளில் கை வைத்தீர்கள்.

“போதும்டா.” என் பக்கம் திரும்பினீர்கள். “டீச்சரம்மா, இவன் பொய் சொல்லல. இது நடிச்சி வராது. வெளிச்சம் பத்தலன்னான் பாரு... அன்னிக்கு மதகாண்ட கண்ணாடி எடுத்தாரலன்னு சொன்னனே. எங்கிட்ட ஏதும்மா கண்ணாடி?”

அண்ணியார் முறத்தைக் கீழே வைத்தார். இருபது வருடம் உங்களோடு வாழ்ந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் நீங்கள் வாய்விட்டுச் சொன்னதை அவர் அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஏழுமலை மட்டும் நோட்டை மூடவில்லை. “இருங்க. இந்த வரிய முடிச்சிட்றேன்” என்றான்.

முடித்தான் அண்ணா. அந்த வரியை முழுசாக முடித்தான். நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டபோது, நான்கு நாளாக அந்த ஒரே பதிலைத் தவிர வேறெதுவும் சொல்லாத கஸ்தூரி கதவுக்குப் பின்னாலிருந்து, “அது ‘போய்விடுவேன்’டா. என் கையெழுத்து அங்க கோணலாகீது, தப்பு உம்மேல இல்ல” என்று குரல் கொடுத்தாள். அழுதுகொண்டே சொன்னாளா, சிரித்துக்கொண்டே சொன்னாளா என்று தெரியவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்டேன். ஏழுமலையிடம் கேட்க எனக்கு இன்னும் இரண்டு நாள் தேவைப்பட்டது. இரண்டு வருடத் தப்பை ஒரு வாசலில் நின்று கேட்டுவிட முடியாது. நீங்கள் உங்கள் முறையில் தீர்ப்புச் சொன்னீர்கள். “நாளைக்கு அவ இஸ்கூலுக்கு வருவா. வாலாஜாபாத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தெனம் சாயங்காலம் இந்தப் பையன் இங்க வரணும். இவதான் சொல்லித்தரணும். ஒருத்தன் கதய எழுதறவளுக்கு அந்தாளு படிக்கறாமாதிரி செய்யவும் தெரியணும்.”

நானும் பள்ளி விட்டபின் சில நாள் வந்து உட்கார்ந்தேன். ஏழுமலைக்குப் பக்கத்தில் நீங்கள் முறம் நிறைய வேர்க்கடலை வைத்துக்கொண்டு உரிப்பீர்கள். “நீயும் சொல்லுப்பா” என்று கஸ்தூரி அழைத்தால், “நான் சும்மா கடல உரிக்கறேன்” என்பீர்கள். தை பிறந்தும் அந்த முறத்தில் கடலை குறையவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஏழுமலை ஒரு சொல்லில் தடுமாற, கடலைத் தோலை ஊதிக்கொண்டே நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள். “பெர்சு காப்பி அடிக்குது டீச்சர்!” என்று அவன் கத்தினான். அவனைத் துரத்திக்கொண்டு களம் முழுக்க ஓடினீர்கள்.

கஸ்தூரி பள்ளியில் முதலாவதாக வந்தாள். ஏழுமலை தமிழில் மட்டும் தவறி, அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினான். நேற்று பந்தலில் அவன்தான் பந்தி பார்த்தான். ஒரகடம் கம்பெனியில் இப்போது சூப்பர்வைசர். கஸ்தூரி செவிலியர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். நீங்கள் மட்டும் என்ன குறைச்சல்! நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, கம்பெனி கேட்டில் லாரி நம்பரும் டிரைவர் பெயரும் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது உங்கள் வயதுக்காரர்களில் நீங்கள் ஒருவர்தான் கை தூக்கினீர்கள். அதைச் சொல்லும்போது உங்களுக்கு வருகிற மிடுக்கை ஊரே கேலி செய்தது. நிலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவீர்கள். எழுத்தைப் பற்றிக் கேட்டால் நாற்காலி போடுவீர்கள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. ஓய்வு பெறும்வரை வாசிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பவில்லை. காக்கை போலக் கத்துகிறவனை மாலையில் தனியாகக் கூப்பிட்டு, என் பக்கத்தில் உட்காரவைத்து, என் விரலை எழுத்தின் அடியில் வைத்தேன். ஒருவர், இருவர் இல்லை அண்ணா. ஒவ்வொரு வருடமும் யாராவது இருந்தார்கள். ஒருவனைக்கூட ஓடவிடவில்லை. இப்போதும் ‘இந்த பஸ் எங்க போவுது?’ என்று யாராவது கேட்டால் பலகையைக் கை காட்டுவதில்லை. வாயைத் திறந்து ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். ‘கண்ணாடி கொண்டு வரல’ என்கிறவரிடம் மேற்கொண்டு கேட்பதில்லை. காகிதத்தை வாங்கிப் படித்துச் சொல்கிறேன், முதல் பக்கத்திலிருந்து.

அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் கடலை உரித்த அந்த வருடத்துச் சித்திரை மாதக் காலை ஒன்று நினைவுக்கு வரும். நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நீங்கள் மண்வெட்டியோடு எதிரே வந்துகொண்டிருந்தீர்கள். பேருந்து வந்து நின்றது. நீங்கள் சட்டென்று நின்று, தலையைத் தூக்கி, உதட்டை அசைத்தீர்கள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூவல்: “குன்றத்தூர்! டீச்சரம்மா, இது குன்றத்தூர்!”

கண்டக்டர் எரிச்சலோடு எட்டிப் பார்த்தார். “இன்னா பெர்சு, ஏறப்போறியா இல்லியா?”

மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்:

“ஏறல. படிச்சேன்.”