உளுந்தங்களியில் ஒரு குழி

ரெட்டியார்சத்திரம்,
8-2-1959, ஞாயிறு இரவு.

அன்புள்ள பொன்னழகு அக்காவுக்கு, தங்கை சுப்புத்தாய் எழுதுவது.

ஐயா, ஆத்தா, ஆடு மாடு எல்லாம் சுகம் என்றுதான் முதலில் எழுத வேண்டும். ஆனால் கன்றுக்குட்டிக்குச் சுகமில்லை. ஆத்தாவுக்கும் மனது சுகமில்லை. பாலசமுத்திரத்தில் நீயும் அத்தானும் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பதில் எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு, ஆனந்தமேரி டீச்சர் பெயருக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே. தபால் வந்தால் ஐயா தபால்காரரையே களத்தில் நிற்கவைத்து உரக்க வாசிக்கச் சொல்வார் என்பது உனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பறிக்கிறவர்கள் வரைக்கும் நம் வீட்டுச் சேதி போய்விடும்.

அக்கா, தை பிறந்த சில நாளில் நான் பெரியவளாகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பள்ளிக்கூடம் நின்றுவிடும். பங்குனியில் எட்டாவது பெரிய பரீட்சை. அதில் தேறிவிட்டால் ஐயாவிடம் வந்து பேசி என்னை வாத்தியார் டிரெயினிங்கில் சேர்க்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். சோலைமுத்து மாமாவோ தன் மகன் உடையப்பனுக்கு என்னைக் கேட்டு வைத்திருக்கிறார். போன சந்தைக்கு வந்தபோதுகூட, "என்ன மச்சான், குச்சு கட்ட ஓலை வெட்டவா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கவா?" என்று கேட்டார். ஐயா சிரித்தார். ஆத்தா சிரிக்கவில்லை.

நீ பெரியவளாகி, உன்னைத் தனியே உட்காரவைக்க ஓலைக் குச்சு கட்டியபோது நான் இரண்டாவது படித்தேன். விடியும் முன்னே ஆத்தா தொலி உளுந்தை வறுத்துத் திரிகையில் திரிப்பாள். அந்தச் சத்தத்தில்தான் விழிப்பேன். கருப்பட்டிப் பாகு கொதிக்கிற வாசனைக்குப் பாயிலிருந்து எழுந்து நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆத்தா மாவைத் தூவித் தூவித் துடுப்பால் கிண்டுவாள். தோள்பட்டை வலிக்க வலிக்கக் கிண்டுவாள். கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி குத்தி, அதில் நல்லெண்ணெய் ஊற்றுவாள். அந்தக் குழிக்குள் சிமினி விளக்கு மினுங்கும்.

மற்ற நாளெல்லாம் நமக்குக் கம்பஞ்சோறும் கடைந்த கீரையும்தானே. வெஞ்சனம் இல்லாத நாளில் உப்பும் பச்சை மிளகாயும். அதுவும் ஆத்தா பிசைந்து கொடுத்தால் வயிறு நிறையும். ஆனால் களிக்கு ஈடு எதுவும் இல்லை. நான் குச்சு வாசலில் நின்று, "ஆத்தா, எனக்கு எப்ப ஓலை வீடு கட்டுவீக? எனக்கும் அம்புட்டுக் களி வேணும்" என்று கேட்டதற்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ மட்டும் உள்ளே அழுதுகொண்டிருந்தாய். ஓலை இடுக்கு வழியாக உன் உருண்டையை நீட்டி, "நீயே தின்னு, எனக்கு எறங்கல" என்றாய். நான் எண்ணெய் சிந்தாமல் வாங்கித் தின்றேன். உன் புத்தகப் பையில் ஐயா விதைக் கம்பு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவ்வளவு இனிப்பு உனக்கு ஏன் இறங்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு அசதியாக இருக்கிறது அக்கா. எல்லாரும் எழும் முன்னே வாய்க்காலுக்குப் போய்த் துணி அலசி, சாணி அள்ளி, பள்ளிக்கூடத்துக்கு நடந்து, திரும்பி வந்து படிக்க உட்கார்ந்தால் கண் செருகுகிறது. பயந்துகொண்டே இருப்பதும் களை வெட்டுகிற மாதிரி உடம்பை வலிக்க வைக்கிறது.

போன வாரம் ஒரு காலையில் திரிகைச் சத்தம் கேட்டு விழித்தேன். உளுந்து வறுத்த வாசனை. தெரிந்துபோயிற்று, இன்றைக்கு ஓலை வெட்டப் போகிறார்கள் என்று போர்வைக்குள்ளேயே கிடந்தேன். ஐயா, "என்ன மூக்காயி, ஆரு வீட்டு விசேசம்? களி மணக்குது" என்று கேட்டார். ஆத்தா திரும்பாமலே, "உளுந்துல வண்டு விழுகுது. வீணாப் போறதுக்கு வகுத்துக்குள்ள போகட்டுமேன்னு கிண்டுனேன். உங்களுக்கும் இருக்கு, பேசாமத் தின்னுங்க" என்றாள். ஐயா இரண்டு உருண்டை தின்றுவிட்டு, வண்டு அடிக்கடி விழட்டும் என்று சொல்லிக்கொண்டே கமலையில் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்.

ஐயாவின் உருண்டையில் குழி இல்லை. என்னுடையதில் இருந்தது. வழிய வழிய எண்ணெய். ஆத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சிந்தாமத் தின்னு. நடந்து போற பிள்ளைக்கு இடுப்புல வலு வேணும்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் பார்த்தால், பழந்துணி மூட்டையில் அவளுடைய பழைய சேலை கிழித்து மடித்து மேலாக வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாமி விளக்கைத் துடைக்கப் போனேன். "நான் ஏத்திக்கிடுறேன், நீ போய்ப் படி" என்று வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் ஆத்தா சாமிக்குப் பயந்தவள். தீட்டை மறைத்து வீட்டுக்குள் வைத்திருக்கிறோமே என்று வெந்துகொண்டிருக்கிறாள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். ஐயா கேட்டால் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் என்கிறாள். முந்தாநாள் கன்றுக்குட்டி கழிந்து கழிந்து படுத்துவிட்டது. ஆத்தா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கோவம்னா என்னைய எடுத்துக்க தாயி, வாயில்லாச் சீவன் என்ன பண்ணுச்சு?" என்று தொழுவத்தில் அழுதாள். நான் படலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கன்று பிழைக்காவிட்டால் ஐயாவிடம் சொல்லிவிடுவாள். சொன்னாலும் அவள் மேல் எனக்குக் கோபம் வராது. நேற்று நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

மாசித் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா, முடிந்தால் அதற்கும் முன்னமே வா. என்னைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிடும் என்றுதான் இதை எழுதுகிறேன். "அடியே, எம்புட்டு வளந்துட்ட" என்று வாசலில் நின்று சொல்லிவிடாதே. முதலில் ஆத்தா பக்கத்தில் போய் உட்கார். பனிப்புல் தின்றால் எந்தக் கன்றுக்கும் கழியும் என்று சொல்லு. அவள் பாவம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லு. நான் சொன்னால் நாங்கள் பேசாமல் வைத்திருப்பது உடைந்துபோகும். நீ சொன்னால் நம்புவாள். உன் பையில் விதைக் கம்பு கட்டியதை அவளும் மறக்கவில்லை.

பரீட்சை முடிந்த அன்றே நானே வாய் திறந்து சொல்லிவிடுவேன். பிறகு மாமா ஓலை வெட்டட்டும். அப்போது நீ குச்சுக்கு வெளியே வந்து உட்கார். ஆத்தா தருகிற முதல் உருண்டையை, எண்ணெய் சிந்தாமல், உனக்கு நீட்டுவேன். நீ அழாமல் தின்ன வேண்டும்.

ஐயா இருமுகிறார். திரியை இறக்கிவிட்டேன். தொழுவத்தில் கன்று மெல்லக் கத்துகிறது. கத்துகிற வரைக்கும் நல்லதுதான். மாரியாத்தா உன் குடும்பத்தைக் காக்கட்டும். நம் ஆத்தா மேல் மட்டும் கோபப்படாமல் இருக்கட்டும்.

உன் கையிலிருந்து வாங்கித் தின்ற தங்கை,
சுப்புத்தாய்