புருஷன் கையெழுத்து

மார்ச் 11, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கிளினிக் கவுண்டருக்கு இன்று கெர்லிங் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. "மறுபடியும் உண்டாயிட்டேன்க்கா. உடம்பு தாங்காது. கலைக்கணும்," என்றாள். தாயின் உடம்புக்கோ மனசுக்கோ கெடுதல் என்று டாக்டர் கருதினால் சட்டம் தடுக்காது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவளுக்குப் பின்னால் எங்கள் கோயில் கமிட்டித் தலைவரின் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "புருஷன் கையெழுத்து வேணும் லா," என்றேன், அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி. சட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. சீ!

"அவருதான்க்கா விடமாட்டேங்குறாரு," என்று சொல்லி, நம்பர் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் ரவாங் டவுனில் ஒரு கிளினிக்குக்கு நானும் இதற்குத்தான் போனேன். என்னிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை. என் புருஷனுக்கு இன்றுவரை தெரியாது.