இருபத்து மூன்றாம் கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8.1.2024

மதிப்பிற்குரிய ஞானராஜ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் நூர்பானு. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டில் பதினொரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். போன வருடம் நர்சுகளின் வேலைச் சுமையைப் பற்றியும், கர்ப்ப காலத்தில் அவர்களுக்கு வரும் சிக்கல்களைப் பற்றியும் உங்கள் குழு ஓர் ஆராய்ச்சி நடத்தியது. நானும் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில், "தமிழாக்கம், விவரத் தொகுப்பு: ஞானராஜ், இராஜபாளையம். ஐயம் இருந்தால் எழுதலாம்" என்று உங்கள் முகவரி இருந்தது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் பேச்சோடு போய்விடும். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இருபத்து மூன்றாம் கேள்வி: "நீங்கள் எப்போதாவது கருக்கலைப்பு செய்துகொண்டதுண்டா?" நான் 'இல்லை' என்று டிக் அடித்தேன். நான் எதையும் செய்துகொள்ளவில்லை. ஆனால் 2021இல், தொடர்ந்து ஏழு நைட் பார்த்த வாரத்தில், ஐந்தாம் மாதத்தில் எனக்குக் குழந்தை தங்காமல் போனது. அதைக் கேட்கிற கேள்வி எங்கே என்று படிவம் முழுக்கத் தேடினேன். காணவில்லை.

அன்று நாங்கள் டீ குடிக்கிற அறையில் எல்லோரும் சேர்ந்துதான் நிரப்பினோம். கூட வேலை பார்க்கும் ஈஸ்வரி அந்தக் கேள்வியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "ஏட்டி, நம்மளப் பாத்து என்ன கேள்வி கேக்காவ? கலைக்கிறவ இவியகிட்ட வந்து சொல்லிட்டா கலைப்பா? இல்லன்னு போடுங்கட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஈஸ்வரிக்கும் ஒன்று போயிருக்கிறது. அவளும் 'இல்லை'தான்.

இப்போது உங்கள் ஆராய்ச்சியின் முடிவை எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். "இரவுப் பணிக்கும் கரு இழப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை." எனக்கு இது ஒன்பதாவது வாரம். பகல் டூட்டி கேட்டு நர்சிங் சூப்பிரண்டிடம் போனேன். அவர் எழுந்து வந்து அந்தக் காகிதத்தைக் காட்டினார். "படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க நூர்பானு. நான் என்ன செய்ய?" என்றார்.

அந்தக் கேள்வி சரிதானா என்று பாருங்கள். தப்பு என்றால் தப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
நூர்பானு
படிவ எண் 147


இராஜபாளையம்,
17.1.2024

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. விடுமுறை காரணமாகப் பதில் தாமதமாயிற்று என்று எழுதலாம். ஆனால் மூன்று முறை எழுதிக் கிழித்தேன் என்பதுதான் சரி.

தங்கள் இழப்பை அறிந்து வருந்துகிறேன்.

கேள்வியைப் பற்றி. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'அபார்ஷன்'. மருத்துவர்களின் ஆங்கிலத்தில் அது தானாக நேர்வதையும் செய்துகொள்வதையும் சேர்த்தே குறிக்கும். அகராதிப்படி அதற்குக் 'கருக்கலைப்பு' என்று போட்டேன். பிறகு, மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் என் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கினோம். 'அபார்ஷன்' என்றே வந்தது. இரண்டும் அப்படியே பொருந்தின. வ. புதுப்பட்டியில் பத்து நர்சுகளிடம் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தோம். யாரும் குறை சொல்லவில்லை. முறைப்படி செய்ய வேண்டியவை எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன.

நான் மருத்துவன் அல்ல. சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். முடிவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி ஆய்வுத் தலைவர் டாக்டர் கிளாட்வின் அவர்களுக்கே உண்டு. தங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
அ. ஞானராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.1.2024

ஞானராஜ் ஐயாவுக்கு,

பதிவு செய்துகொண்டதற்கு நன்றி. எங்கள் வார்டிலும் பதிவேடு உண்டு. அதில் ஒன்றை எழுதினால், அதற்கு என்ன செய்தோம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

உங்களுக்கு நான் தமிழ் சொல்லித்தர வேண்டியதில்லை. கலைவது வேறு, கலைப்பது வேறு. மேகம் கலைந்தது என்றால் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. கூட்டத்தைக் கலைத்தார்கள் என்றால் யார் கையிலோ லத்தி இருக்கிறது. புதுப்பட்டியில் யாரும் குறை சொல்லவில்லை என்கிறீர்கள். பத்துப் பேரில் ஒருத்திக்குக்கூட ஒன்றும் போகவில்லையா என்று உங்களுக்கு ஆச்சரியமாக இல்லையா?

என் வீட்டுக்காரர் அனஸ் வேலையை விடச் சொல்கிறார். "எம்புட்டு நாளு அவியகிட்டக் கெஞ்சிக்கிட்டு நிப்ப?" என்கிறார். விட்டால் என் நைட்டுக்கு வரப்போகிறவள், போன மாதம் கல்யாணம் ஆன ஒரு பிள்ளை. அதுவும் போக, எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

எங்கள் நைட் எப்படி இருக்கும் என்று விவரிக்கவில்லை. பத்தாம் கேள்வி முதல் பதினெட்டு வரை நீங்களே அதைக் கேட்டிருக்கிறீர்கள். 'பணி நேரத்தில் சிறுநீர் கழிக்க நேரம் கிடைக்கிறதா?' என்பதை வாசித்தபோது ஈஸ்வரி, "யாரோ நல்ல மனுசன் எழுதியிருக்காரு" என்றாள். அந்த மனுசரிடம்தான் கேட்கிறேன்.

நூர்பானு


இராஜபாளையம்,
2.2.2024

அன்புள்ள நூர்பானு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்த மறுநாள் ஆய்வு அலுவலகச் சாவியை வாங்கிப் படிவங்களை எடுத்தேன். மொத்தம் 212. ஒவ்வொன்றாகப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. இருபத்து மூன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்றவர்கள் மூவர். 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, ஓரத்தில் எதையோ எழுதியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். "கலைக்கல. தானா போச்சு." "நாலாம் மாசம் தங்கல." "ரெண்டு தடவ. ரெண்டும் நைட் பாத்த பொறவு." ஒருவர், "ஏன் இப்படிக் கேக்கீங்க?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

தங்கள் படிவத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது. அப்படி எழுதாமல் விட்டவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று அறிய எனக்கு வழியில்லை.

இந்த ஓரக்குறிப்புகளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அது பொய். கணினியில் ஏற்றும்போதே ஒவ்வொன்றையும் பார்த்தேன். அதற்கான விதிகளை எழுதியவனும் நானே. ஆறாம் விதி: 'ஓரக்குறிப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.' படிவத்தில் கிறுக்குகிறார்களே என்று எரிச்சல்கூடப் பட்டேன்.

என் மனைவி ஏசம்மாளிடம், இப்படி ஒன்று நேர்ந்தால் பெண்கள் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "இதக் கேக்கவா பத்துப் பொம்பளையத் தேடி புதுப்பட்டிக்கு பஸ் ஏறினிய? வீட்டுல ஒருத்தி இருக்கம்லா?" என்றாள். பிறகு, "எனக்கு ரெண்டு போச்சு. உங்ககிட்ட என்னன்னு சொன்னேன்?" என்றாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாற்பத்தைந்து வருடமாக ஒன்று என்றே நினைத்திருந்தேன். மற்றது எப்போது என்று நான் கேட்கவில்லை. அவள் கீரை ஆயப் போய்விட்டாள். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று டாக்டரைப் பார்க்கப் போனேன். காபி வரவழைத்தார். எங்கள் கட்டுரை வந்திருக்கும் இதழை எடுத்துக் காட்டினார். எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாக என் பெயரை அச்சில் பார்த்தேன். காபியைக் குடித்துவிட்டு, படிவங்களைப் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சொல்லிவிடுவேன்.

வெட்கத்துடன்,
ஞானராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25.2.2024

ஐயாவுக்கு,

பதினைந்து நாள் முடிந்து எட்டு நாள் ஆகிறது.

வியாழக்கிழமை நைட்டில் எனக்கு லேசாக இரத்தம் பட்டது. பிரசவ டேபிளில் ஒரு பெண் இருந்தாள், விட்டுவிட்டு வர முடியவில்லை. காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் துடிப்பு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதினோராம் நாளுக்கு ரோஸ்டரில் மறுபடியும் நைட். சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தார். "எங்கையில ஒரு தாள் இருந்தா மேல பேசிருவேன்" என்றார்.

நான் கேட்டதும் அந்த ஒரு தாளைத்தான்.

உங்கள் போன கடிதத்தையே நீட்டியிருக்கலாம். ஈஸ்வரி அதைத்தான் சொன்னாள். "அம்புட்டும் அவியளே கைப்பட எழுதியிருக்காவ, காட்டுறதுக்கு என்னட்டி?" என்றாள். அந்தக் கடிதத்தில் உங்கள் வீட்டம்மா பேசியதும் இருக்கிறது. சூப்பிரண்டு பார்த்து, ஆபீஸ் பார்த்து, ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைக்கிற விஷயமா அது? காட்டவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

நூர்பானு


இராஜபாளையம்,
29.2.2024

அன்புள்ள நூர்பானுவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. என் மனப்பாரத்தை இறக்கிவைக்க உங்களிடம் கொடுத்த காகிதமே உங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. இதை முன்கூட்டி நினைக்காதவன் நான்.

உடனே டாக்டர் கிளாட்வினிடம் போனேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு வார்த்தைக்காக, அச்சுல வந்த பேப்பர வாபஸ் வாங்க முடியுமா சார்? நீங்க ரொம்ப மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. ஜூன்ல குழு கூடும்போது எடுத்துப் பேசுவோம்" என்றார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. சரி என்றும் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே தபால் நிலையத்துக்குப் போனேன்.

இதழின் ஆசிரியருக்கும், ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழுவுக்கும், உங்கள் சூப்பிரண்டுக்கும் என் கையெழுத்தில் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். அதன் நகல் ஒன்றைத் தனித் தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதில் எழுதியிருப்பது இதுதான்: இருபத்து மூன்றாம் கேள்வியின் தமிழாக்கம் பிழை. பிழை என்னுடையது. முப்பத்தெட்டுப் பேர் அதை ஓரத்தில் எழுதித் தெரிவித்தும் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதனால் இரவுப் பணி தீங்கானது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. சரியான சொல்லில் மறுபடி கேட்டால்தான் தெரியும். ஆனால் தீங்கு இல்லை என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் ஒருபோதும் இருந்ததில்லை. அந்த அறிக்கையைக் காட்டி யாருக்கும் எதையும் மறுக்க வேண்டாம்.

எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜனவரியிலேயே எழுதியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஞானராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.3.2024

ஞானராஜ் ஐயா அவர்களுக்கு,

உங்கள் தாள் நாலாம் தேதி, திங்கட்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மத்தியானம், எனக்குக் கலைந்துவிட்டது. படுக்கையில்தான் இருந்தேன்.

நைட் பார்த்ததால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் போன வருடம் எங்களிடம் வந்து கேட்டீர்கள்.

சூப்பிரண்டுக்கு நீங்கள் அனுப்பிய தபால் வரும்வரை காத்திராமல், தாளை அனஸிடம் கொடுத்து அவரிடம் சேர்த்தேன். அவர் அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தாராம். போர்டில் இருந்ததைத் தன் கையாலேயே எடுத்தாராம். மேலே பேசி உத்தரவு வாங்கிவிட்டார். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து பிரசவம் வரை யாருக்கும் நைட் கிடையாது. உத்தரவு வந்த அன்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது ஈஸ்வரி. இரண்டாம் மாதமாம். என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள், எனக்கு அப்படி ஆனதால் சொல்ல மனசு வரவில்லை என்றாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

என் பங்குக்கு நன்றியோ கோபமோ எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டும் வரவில்லை. நீங்கள் ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் பதினைந்து நாளை நம்பி, வேறு யாரிடமும் போகாமல் இருந்தேன். இனி நமக்குள் கடிதம் வேண்டாம். உங்கள் பிப்ரவரி இரண்டாம் தேதிக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஏசம்மாள் அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தேறிவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். ஈஸ்வரியைப் பகலுக்கு மாற்றியதில் நைட்டுக்கு ஓர் ஆள் குறைகிறது. எனக்கு நைட் போட்டிருக்கிறார்கள்.

நூர்பானு