முதல் ஓலையில் எழுந்து நின்றவர்

ஸ்ரீவைகுண்டம்,
ஞாயிறு மாலை

பிரியமான எப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீ குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், ஓட்ஸைக் கரைத்துக் குடிப்பதைச் சாப்பாடு என்று என்னிடம் சொல்லாதே. இந்த விஷயத்தைப் போனில் சொல்ல ரெண்டு தடவை பார்த்தேன், நீ டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய், எனக்கும் வாய் வரவில்லை. அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கல்யாண வாழை தன் வயலிலிருந்துதான் என்று பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டாள், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள். உன் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் சபையில் மூன்று வாரம் ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா, அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நேசராஜா, எலிசபெத் ஆகியோரின் குமாரத்தி என்று எழுதினேன், அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடவில்லை. அப்பாவும் உன் அண்ணன் சுஜினும் அப்பாவின் ஊரைப் பார்க்க இலங்கைக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது, இதுவரை எந்தப் பாரத்திலும் நான் அப்படிப் போட்டதில்லை.

முதல் வாரம் குருவானவர் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். எப்போதும் கேட்பதுதான், யாரும் காதில் வாங்குவதுகூட இல்லை. கடைசி வரிசையில் அருமைத்துரை அண்ணன் எழுந்து நின்றார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டு உட்கார்ந்தார். என் பெண்ணிடம் என்ன குறை கண்டார் இவர் என்று நினைத்தேன். அவரை உனக்குத் தெரியும், அகதி முகாமில் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், அவரும் அங்கே சண்டை ஓய்ந்திருந்த நேரம் ஊர் பார்க்கப் போய், எல்லாம் முடிந்த பிறகு படகேறித் திரும்பி வந்தவர். கிளிநொச்சிக்குப் பிறகு அப்பாவையும் சுஜினையும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் சொன்னார்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தார். கோயில்ல வச்சு இப்படியா பண்ணுவீய அண்ணாச்சி என்று ஆறுமுகத்தாய் வாசலிலேயே சண்டைக்குப் போனாள். அவர் என்னைப் பார்த்து, தங்கச்சி, நேசனை நான்தான் புதைச்சனான், உயிரோட இருக்கிற ஆள் மாதிரி வாசிக்கேக்க என்னால இருக்க முடியேல்லை என்றார். கடற்கரையில் பதுங்குகுழிக்குள் ஷெல் விழுந்ததாம். அந்தக் குழியையே மண் தள்ளி மூடினார்களாம், சுஜினும் கையால் மண் தள்ளினானாம். அங்கிருந்து வெளியே வந்தபோது ராணுவத்தார் வாலிபப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள், சுஜின் அப்பாவின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான், அதற்குப் பிறகு அவருக்குத் தெரியாது. பதினைந்து கிறிஸ்துமஸுக்கு என் கையால் சாப்பிட்டவர், எப்சி. வெளியே போங்க என்று சொல்லிவிட்டேன். ஆனால் படகேறி வந்த அன்றே சொல்லியிருந்தால் நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேனா, தெரியவில்லை. அப்பா தன் காணியைப் பார்க்கத் தனியாகத்தான் கிளம்பினார். பையன் அழுகிறானே கூட்டிப்போங்க, ஜூனில் பள்ளி திறக்குமுன் வந்துவிடலாம் என்று சட்டை மடித்து வைத்தவள் நான்தானே. போன இடத்தில் மறுபடி சண்டை மூண்டு பாதையை அடைத்துவிட்டார்கள்.

இரண்டாம் வாரம் சீட்டை மாற்றிக் கொடுத்தேன். காலஞ்சென்ற நேசராஜா என்று வாசித்தார்கள். என் கையால் எழுதினதுதான், ஆனாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இன்று மூன்றாம் ஓலை. தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்டபோது வெட்கத்தை விட்டு ஒவ்வொரு வரிசையாகத் திரும்பிப் பார்த்தேன். சுஜினைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர், நல்லதோ கெட்டதோ, எழுந்திருக்க மாட்டாரா என்று பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இனி உன் கல்யாணத்துக்குத் தடை இல்லை அம்மா. நீயும் மாப்பிள்ளையும் ஒருவரைவிட்டு ஒருவர் பிரியாமல் இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். அழைப்பிதழில் அப்பா பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடச் சொல். அண்ணனுக்கு என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். அவன் வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சுஜின் என்று மட்டும் போடு, முன்னால் ஒன்றும் வேண்டாம்.

உன் அம்மா,
எலிசபெத்